பழைய ஓட்டு வீட்டின் மரக்கட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் பூட்டிக் கிடந்த பூர்வீக வீடு கைக்கு வந்ததும் எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்து, பதில் எழுதியிருக்கிறோம். தமிழ்நாட்டு விவசாயக் குடும்பங்கள் கட்டிக்கொண்ட ஓட்டு வீடுகளைப் பற்றியது இது. அரண்மனை, மாளிகைகளுக்கு வேறு கணக்கு. தச்சரும் கொத்தனாரும் பேசும் அளவிலேயே, அடி அங்குலத்தில், அளவுகளைத் தந்திருக்கிறோம்.

1. ஓட்டு வீடுன்னா சுவரும் ஓடும்தானே? "மரக்கட்டு"ன்னு எதைச் சொல்றீங்க?

சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் நின்று பாரத்தை வாங்கிக் கீழே இறக்கும் மரம் முழுவதையும்தான். ஓட்டின் பாரம் அதற்கு அடியில் அடித்த மெல்லிய சட்டமான ரீப்பரில் விழுகிறது. ரீப்பர் அதைச் சாய்வாகக் கிடக்கும் கைமரத்துக்குத் தருகிறது. கைமரத்தின் மேல்முனை முகட்டு வளையில் சாய்கிறது. கீழ்முனை வெளிப்பக்கம் சுவர் வளையிலும், முற்றத்துப் பக்கம் உத்திரத்திலும் உட்காருகிறது. உத்திரத்திலிருந்து போதிகை, போதிகையிலிருந்து தூண், தூணிலிருந்து அடிக்கல். இந்த வரிசை மனதில் இருந்தால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

ஐரோப்பாவின் பழைய பண்ணை வீடுகள் பலவற்றில் வெளிச்சுவரே மரச்சட்டம். சட்டங்களுக்கு இடையே மண்ணோ செங்கல்லோ அடைத்திருப்பார்கள். நம் வீடு கலப்பு. வெளியே ஒன்றரை, இரண்டு அடி கனத்தில் மண் அல்லது செங்கல் சுவர் தாங்குகிறது. உள்ளே முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள் தாங்குகின்றன. அதனால் சுவரில் வரும் கோளாறு மரத்தில் தெரியும், மரத்தில் வரும் கோளாறு சுவரில் வெடிப்பாகத் தெரியும்.

2. ஆசாரி "வளை போயிருக்கு, கூடல்வாய் பாக்கணும்"ங்கிறார். தலையும் புரியல வாலும் புரியல.

கைமரத்தைத் தாங்கிப் படுக்கையாகக் கிடக்கும் மரம் வளை. உச்சியில் இருப்பது முகட்டு வளை; சுவரின் தலையில் கிடப்பது சுவர் வளை. தூண்களின் மேல் கிடக்கும் பெரிய மரம் உத்திரம். தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவில் இருபுறமும் கை நீட்டி நிற்கும் செதுக்கு மரம் போதிகை. எதிரெதிர்க் கைமரங்களை இழுத்துப் பிடிப்பது குறுக்குச் சட்டம். உத்திரத்தின் நடுவிலிருந்து முகட்டை முட்டுக்கொடுத்து நிற்பது குத்துக்கால்.

இரண்டு கூரைச் சாய்வுகள் உள்முகமாகச் சேரும் பள்ளம் கூடல்வாய். முற்றத்தின் நான்கு மூலைகளிலும் இருக்கும். அதற்குக் கீழே ஓடுவது மூலைக் கைமரம். கூரையின் தாழ்ந்த ஓரம் இறவாரம். ஊருக்கு ஊர் பெயர் மாறும். சந்தேகம் வந்தால் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், தச்சர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

3. வீட்டு நடுவுல இவ்வளவு இடத்தை விட்டு எதுக்கு முற்றம்? வீண்தானே?

வெளிச்சம், காற்று, தானியம் காயவைக்க இடம், மழைநீர் பிடிக்க வசதி என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது, உண்மையும்கூட. அதிகம் பேசப்படாத காரணம் கைமரத்தின் நீளம். 40 அடி அகல வீட்டை ஒரே முகட்டில் மூடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 பாகைச் சாய்வில் ஒவ்வொரு கைமரமும் 23 அடி நீளம் வேண்டும். முகடு சுவர்த் தலையிலிருந்து பதினொன்றரை அடி உயர்ந்து நிற்கும். அவ்வளவு நீள மரம் அரிது, அவ்வளவு உயரக் கூரையைக் காற்றும் விடாது. அதே வீட்டை 12 அடி அகலக் கட்டுகளாக முற்றத்தைச் சுற்றி மடக்கினால், இறவார நீட்டலையும் சேர்த்து 9, 10 அடிக் கைமரம் போதும். தோப்பில் வெட்டும் சாதாரண மரமே அதற்கு ஆகும்.

கொங்குப் பக்கம் தொட்டிக்கட்டு, செட்டிநாட்டில் வளவு, குமரியில் நாலுகட்டு என்று பெயரும் விவரமும் மாறினாலும் மரக்கணக்கு இதுதான்.

4. நூறு வருஷம், இருநூறு வருஷம்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. உண்மையான வயசை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் வாசல் நிலையின் மேல்சட்டத்தைத் துடைத்துப் பாருங்கள். ஆண்டு செதுக்கியிருக்கலாம். தமிழ் ஆண்டுப் பெயராக இருந்தால் அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். "பிரபவ" என்றால் 1867, 1927, 1987 மூன்றுமே பொருந்தும். வேறு சான்று தேவை. குமரி மாவட்டத்தில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதோடு 824 கூட்டினால் அந்த ஆண்டு தொடங்கிய ஆங்கில வருடம் வரும். கொல்லம் 1080 என்பது 1904-05.

அடுத்து ஓடு. மங்களூர் ஓடு எனப்படும் பட்டை ஓட்டின் அடிப்பக்கத்தில் ஆலையின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியது 1865-ல். அதற்கு முன் இந்தக் கூரை இருந்திருக்க முடியாது. வீடு இருந்திருக்கலாம்: நாட்டு ஓட்டையோ கீற்றையோ மாற்றிப் பிறகு இதைப் போட்டிருப்பார்கள். தலைகீழாகவும் நடக்கும், பழைய ஓட்டை வாங்கிப் புது வீட்டில் போட்டவர்கள் நிறைய.

மூன்றாவது, மரத்தின் மறைவான முகம். பரணில் ஏறி, யாரும் இழைக்காத பக்கத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் கருவியின் தடம் தெரியும். சிறு சிறு கிண்ணம் போன்ற குழிகள் வாய்ச்சியால் செதுக்கியவை. ஒழுங்கில்லாத நேர்க்கோடுகள் கைரம்பம். வளைந்த வில் போன்ற கோடுகள் வட்டரம்பம், அதாவது மில்லில் அறுத்தது. சதுரத் தண்டுள்ள அடித்த ஆணி பழையது, உருண்டைக் கம்பி ஆணி பிந்தையது. இவை அந்தந்த மரத்தின் வயதைத்தான் சொல்லும். முன்கட்டு ஒரு தலைமுறை, பின்கட்டு இன்னொரு தலைமுறை என்பது வழக்கமான சங்கதி.

5. எல்லாம் பர்மா தேக்குன்னு அப்பா சொல்வார். நிஜமா?

வாசல் நிலையும் கதவும் தேக்காக இருக்கலாம். கூரை முழுவதும் தேக்கு என்பது விவசாய வீடுகளில் அரிது. தூணுக்கும் உத்திரத்துக்கும் வேங்கை, வேம்பு, இலுப்பை, மருது, பலா, தெற்கே அயினி, கைமரத்துக்குப் பனை, சின்னச் சட்டங்களுக்குப் பூவரசு என்று நிலத்தில் கிடைத்ததைப் பிரித்துப் போட்டிருப்பார்கள்.

மறைவான இடத்தில் உளியால் ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள். தேக்கு பொன்பழுப்பாக, தொட்டால் லேசான எண்ணெய்ப் பசையோடு, பதனிட்ட தோலின் வாடையோடு இருக்கும். வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரியும். வேங்கைச் சீவலைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஊறவைத்தால் நீர் பழுப்பாகி, வெயிலில் பிடிக்கும்போது நீலச்சாயல் மினுங்கும். பனையில் வளையமே இருக்காது. பழுப்பில் கருப்பு நார்கள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். பர்மா தேக்கா உள்ளூர்த் தேக்கா என்று வெறும் கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. "பர்மா" என்று சொன்னால் விலை கூடும், அவ்வளவே.

6. கைமரம் எல்லாம் பனைன்னு தெரிஞ்சதும் ஏமாற்றமா இருக்கு. பிரிச்சு வேற மரம் போட்டுடலாமா?

வேண்டாம். வைரம் பாய்ந்த பனை லேசுப்பட்டதல்ல. மற்ற மரங்களில் உள்பக்கம்தான் வைரம், வெளிச்சுற்று வெளிறு. பனையில் அது தலைகீழ்: வெளிச்சுற்று இரும்பு, நடுவே சோறு. அதனால்தான் முதிர்ந்த மரத்தை நீளவாக்கில் பிளந்து, சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டுப் பனங்கை எடுத்தார்கள். அடிமரம் கெட்டி, நுனிமரம் தாழ்வு.

கெட்டுப்போன பனங்கைகளைப் பாருங்கள், பெரும்பாலும் சோற்றைச் சரியாக எடுக்காமல் விட்டவை. கரையான் அந்த வழியாகத்தான் நுழையும். இன்னொரு கோளாறு ஆணி. துளையிடாமல் ஆணி அடித்தால் பனை நாரோடு பிளந்து ஓடும். ஆணியின் கனத்தைவிடச் சற்றுச் சிறிய துளை போட்ட பிறகே அடிக்க வேண்டும். வெறுங்கையால் தடவாதீர்கள், சிராய் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

7. கூடத்துல ஆள் உயரத்துக்கு மரப்பெட்டி ஒண்ணு இருக்கு. இடத்தை அடைக்குது. வெளியே எடுக்கவே முடியல, கதவைவிடப் பெருசு.

அது பத்தாயம், நெல் சேமிக்கும் பெட்டி. உள்ளேயே வைத்துக் கோத்தது, அதனால் முழுதாக வெளியே வராது. பக்கப் பலகைகள் மூலைக்கால்களின் காடியில் (நீளவாக்கில் கொத்திய பள்ளத்தில்) ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியவை. மேல்மூடியை எடுத்தால் பலகைகளை ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவலாம். பலகையின் ஓரத்தில் உளியால் கொத்திய வரிசைக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சாக்கட்டியால் எண் போட்டுக்கொண்ட பிறகு உருவுங்கள்.

இதன் எடையைக் குறைத்து நினைக்க வேண்டாம். 6 அடி நீளம், 4 அடி அகலம், 5 அடி உயரமுள்ள பத்தாயம் நிறைந்தால் ஏறக்குறைய 2 டன் நெல். அதற்காகவே அந்த இடத்தில் கல் பாவியோ கனத்த கட்டை போட்டோ தரையைப் பலப்படுத்தியிருப்பார்கள். கால்களைத் தரையிலிருந்து உயர்த்தியது அடியில் காற்றோடவும் கரையான் ஏறினால் கண்ணில் படவும்தான்.

8. நாட்டு ஓட்டை எடுத்துட்டு மங்களூர் ஓடு போடலாமா? எத்தனை ஓடு வாங்கணும்?

போடலாம், பாரம் குறையும். இரண்டு அடுக்கு நாட்டு ஓடு அதன் வரிச்சோடு (ஓட்டுக்கு அடியில் அடிக்கும் மெல்லிய சட்டம்) சதுர அடிக்குச் சுமார் 11 கிலோ. மங்களூர் ஓடு ரீப்பரோடு சுமார் 6 கிலோ. ஆனால் நாட்டு ஓட்டுக்கு நெருக்கமாக அடித்த வரிச்சு மங்களூர் ஓட்டுக்கு உதவாது. ஓட்டின் மூக்கு மாட்ட 2க்கு 1 அங்குல ரீப்பர் 12 முதல் 13 அங்குல இடைவெளியில் வேண்டும். வாங்கிய ஓட்டில் நாலைந்தை வரிசையாகக் கோத்து அளந்தபின் இடைவெளியைத் தீர்மானியுங்கள். ஆலைக்கு ஆலை அரை அங்குலம் மாறும்.

100 சதுர அடிக்கு 140 ஓடு, உடைசலுக்கு 10 கூடுதல். இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, தரைப் பரப்பை வைத்துக் கணக்குப் போடுவது. கூரை சாய்வாக இருப்பதால் 30 பாகையில் தரைப் பரப்பைப்போல 1.15 மடங்கு வரும், இறவாரம் தனி. முகட்டு ஓடு இந்த எண்ணிக்கையில் சேராது. பாரம் குறைந்ததால் காற்று தூக்க வாய்ப்பு கூடும். இறவாரத்தின் கடைசி இரண்டு வரிசையைத் துருப்பிடிக்காத கம்பியால் ரீப்பரோடு கட்டிவிடுங்கள்.

நாட்டு ஓடு நன்றாக இருந்தால் மாற்றாமல் விடுவதே எங்கள் விருப்பம். ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன் விலகியவற்றைத் திருப்பிப் போட ஆள் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கிடைக்காத ஊரென்றால் மங்களூர் ஓடே மேல்.

9. எல்லா ஓட்டையும் மாத்திட்டோம். அப்பவும் முற்றத்து மூலையில மட்டும் ஒழுகுது.

ஓட்டில் குற்றமில்லை, கூடல்வாயில் இருக்கிறது. இரண்டு சாய்வின் தண்ணீரும் அங்கேதான் சேர்ந்து ஓடுகிறது. வேப்பிலையும் முருங்கைச் சருகும் ஒரு கைப்பிடி தேங்கினால் போதும்: பின்னால் நீர் எழும்பி, பக்கவாட்டில் ஓட்டுக்கு அடியில் புகுந்து, மூலைக் கைமரத்தில் விழும். கைமரத்தின் அடிமுகத்தோடு வழிந்து நேராகப் போதிகைக்கு வரும். மழை விட்ட மறுநாள் காலை மூலைத்தூணின் தலையை அண்ணாந்து பாருங்கள். போதிகையின் செதுக்குப் பூவில் ஒரு இதழ் மட்டும் கருத்து, கறுப்பின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஓடியிருந்தால் தண்ணீர் பல மழைக்காலமாக அதே வழியில் வருகிறது.

சோதிக்க, குழாய்த் தண்ணீரைக் கூடல்வாயின் கீழ்முனையில் 10 நிமிடம் விடுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். ஒழுகாவிட்டால் இரண்டடி மேலே. இப்படிக் கீழிருந்து மேலாகவே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எங்கே புகுந்தது என்று தெரியாமலே எல்லாம் நனைந்துவிடும்.

சரிசெய்யும்போது கூடல்வாய்த் தகடு இரண்டு பக்கமும் சேர்த்து 2 அடி அகலமாவது இருக்கட்டும். ஓரம் இரண்டையும் முக்கால் அங்குலம் மேல்நோக்கி மடித்துவிட்டால் எழும்பும் நீர் பக்கத்தில் வழியாது. தகட்டை இணைக்கும் இடத்தில் மேல்தகடு கீழ்த்தகட்டின்மேல் அரையடி ஏறி நிற்க வேண்டும். நடுவில் ஆணி கூடாது. ஓட்டின் வெட்டிய ஓரங்களைச் சிமெண்டால் பூசி அடைப்பது வழக்கமாகிவிட்டது. முதல் கோடையிலேயே வெடித்து, அந்த வெடிப்பே சருகைப் பிடித்துவைக்கும்.

10. தூணோட அடி உளுத்துப் போச்சு. மேல நல்லாத்தான் இருக்கு. முழுத்தூணையும் மாத்தணுமா?

மாற்ற வேண்டியதில்லை, அடியை மட்டும் ஒட்டுப்போடலாம். அதற்கு முன் ஏன் உளுத்தது என்று பாருங்கள். பழைய வீட்டில் தூண் தரையில் நிற்காது, தரைக்கு மேல் அரையடி உயர்ந்த கல்லில் நிற்கும். பின்னால் வந்தவர்கள் தரைமேல் தரையாகச் சிமெண்ட், டைல்ஸ் என்று போட்டு அந்தக் கல்லையே மூடியிருப்பார்கள். தூணின் அடி தரைக்குள் போய்விடும். தினமும் வீடு துடைக்கும் தண்ணீர் அதில் நிற்கும். தரையைத் தோண்டிக் கல்லை வெளியே கொண்டுவராமல் போடும் ஒட்டு பத்தாண்டு தாங்காது.

வேலை இப்படிப் போக வேண்டும். தூணின் இருபுறமும் உத்திரத்துக்கு இரும்பு முட்டு கொடுத்து, கனத்த பலகைமேல் ஜாக்கி வைத்து மெல்லத் தூக்க வேண்டும். தூணின் பாரம் முட்டுக்கு மாறினால் போதும், 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதற்குமேல் தூக்கினால் முகட்டு ஓடு விரியும், சுவர்ப் பூச்சு பிளக்கும். பிறகு உளுத்த இடத்துக்கு மேல் அரையடி நல்ல மரம் வரை சேர்த்து வெட்டுங்கள். ஒட்டு மூட்டு படிபோல இரண்டு பாதியாக ஒன்றை ஒன்று தழுவ வேண்டும். அதன் நீளம் தூண் கனத்தைப்போல மூன்று மடங்கு: 6 அங்குலத் தூணுக்கு ஒன்றரை அடி. மர முளையோ துருப்பிடிக்காத போல்ட்டோ இரண்டு இடத்திலாவது குறுக்கே போக வேண்டும்.

புதுத்துண்டு அதே இன மரமாக, நன்கு காய்ந்ததாக இருக்கட்டும். பச்சை மரம் போட்டால் ஒரு கோடையில் சுருங்கி மூட்டு வாய்பிளக்கும். அடிக்கல்லில் கழுந்து, அதாவது தூணின் அடியில் செதுக்கிய முனை, உட்காரும் குழி இருந்தால் அதில் நீர் தேங்காதபடி ஒரு பக்கம் சிறு வாய்க்கால் கொத்திவிடுங்கள். தூணின் அடியைச் சுற்றிக் கான்கிரீட் போட்டு "பலப்படுத்த" யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

11. சுவத்துக்குள்ள போற உத்திர முனை நல்லா இருக்கா இல்லையான்னு எப்படிப் பாக்கறது?

மரச்சுத்தியால் உத்திரத்தின் நடுவிலிருந்து சுவரை நோக்கித் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஒலி மந்தமாக மாறும் இடத்தில் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்குமேல் எளிதாக இறங்கினால் உள்ளே சோறாகியிருக்கிறது. சுவரை ஒட்டிய அந்தக் கடைசி ஒரு அடியில்தான் பழைய வீடுகளின் பெரும்பாலான உத்திரங்கள் போகின்றன, நடுவில் அல்ல.

முனை மட்டும் போயிருந்தால் நல்ல மரத்துக்குக் கீழே கல்லாலோ இரும்பாலோ ஒரு தாங்கியைச் சுவரில் பதித்துக் கொடுக்கலாம், அல்லது இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு நீட்டலாம். எப்படியானாலும் முனையைச் சுற்றி அரை அங்குல இடைவெளி விட்டு, கலவையால் அடைக்காமல் விடுங்கள். காற்றுப் பட்டால் மரம் காயும்.

12. மரத்துல ஓட்டை ஓட்டையா இருக்கு. கரையானா?

கரையான் ஓட்டை போடாது. மண் வழி கட்டிக்கொண்டு வந்து உள்ளிருந்து தின்னும், மேல்தோல் அப்படியே இருக்கும். குண்டூசித் தலை அளவு துளையும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் உளுவண்டு. அது பெரும்பாலும் வெளிறை மட்டும் தின்னும், வைரத்தைத் தொடாது. சுண்டுவிரல் நுழையும் வட்டத் துளையானால் கருவண்டு. பார்க்கப் பயமாக இருந்தாலும் மூன்றில் சேதம் குறைவு அதற்குத்தான்.

கரையானுக்கு மரத்தில் மருந்தடித்துப் பயனில்லை, மண்ணில் அடிக்க வேண்டும். மண் வழி எங்கே தரையிலிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடித்து, சுவரோரம் துளையிட்டுக் கரையான் மருந்து செலுத்த வேண்டும். அளவு டப்பாவில் உள்ளபடி, முறையாகச் செய்பவரை வைத்து. உளுவண்டுக்குப் பூச்சு இல்லாத வெறும் மரத்தில் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை இரண்டு மூன்று முறை தோய விடலாம். மண்ணெண்ணெய் ஊற்றுவது ஒரு வாரச் சமாதானம், தீ அபாயம் வேறு.

13. மரத்துக்கு என்ன பூசறது? பழைய எஞ்சின் ஆயில் நல்லதுன்னாங்க.

எஞ்சின் ஆயில் பூசிய மரத்தில் பிறகு எதுவும் ஒட்டாது, வாடையும் போகாது, உள்ளே இருப்பவருக்கும் நல்லதல்ல. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் கூரை மரத்துக்கு நெடுநாள் பழக்கத்தில் உள்ளது, பூச்சியைத் தடுக்கும். மரம் கருத்துவிடும், தோலில் பட்டால் புண்ணாகும், கையுறை கட்டாயம். தூண், கதவுக்கு ஆளிவிதை எண்ணெய்: முதல் கை டர்பன்டைனோடு சரிபாதி, அடுத்தது எண்ணெய் கூடுதலாக, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ விரித்துக் காயவைத்தோ அப்புறப்படுத்துங்கள்.

வார்னிஷ் திண்ணைத் தூணில் வெயிலுக்கு உரியும். உள்ளே சரி.

14. மண்சுவர் உதிருது. சிமெண்ட் பூசிட்டா ஒரே வேலையா முடிஞ்சிடுமே?

மரம் முடிந்துவிடும். மண்சுவரும் சுண்ணாம்புச் சுவரும் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, மேல்பரப்பு வழியே வெளியேற்றிக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் மேலே ஏறி, கேள்வி 11-ல் சொன்ன உத்திர முனையையும் சுவர் வளையையும் தேடிப் போகும். வெளியே பூச்சு பளிச்சென்று இருக்கும். ஐந்தாறு மழைக்குப் பின் அதைத் தட்டிப் பார்த்தால் உள்ளே பொள்ளலாக ஒலிக்கும்.

மண்சுவருக்கு மண் பூச்சு அல்லது சுண்ணாம்புப் பூச்சு. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். கிளிஞ்சல் அல்லது கல் சுண்ணாம்பை நீர்த்து, சலித்து, தண்ணீருக்கடியில் மூன்று நான்கு வாரமாவது ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பூசினால் நீராத துகள்கள் பின்னால் வெடித்துச் சுவரில் அம்மைத் தழும்புபோல் குழி விழும்.

15. கடுக்காய், வெல்லம், முட்டை எல்லாம் கலந்தாங்களாமே, கட்டுக்கதையா?

கட்டுக்கதை அல்ல, எல்லா இடத்திலும் எல்லாம் போடவும் இல்லை. உடைத்த கடுக்காயை ஊறவைத்த நீரும் வெல்லக் கரைசலும் சுண்ணாம்புக் கலவை பிசைய வசதியாக்கும், கெட்டிப்படவும் உதவும். முட்டை வெள்ளைக்கரு வழவழப்பான கடைசிப் பூச்சுக்கு மட்டும். உங்கள் சுவரின் உதிர்வுக்குக் காரணம் அடிமட்ட ஈரம் என்றால் எத்தனை கடுக்காயும் காப்பாற்றாது.

16. சுவர் இரண்டடி கனம். மேல கான்கிரீட் தளம் போட்டா தாங்காதா?

கேள்வி 8-ன் எடைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். 5 அங்குலக் கான்கிரீட் தளம் சதுர அடிக்குச் சுமார் 29 கிலோ, மங்களூர் ஓட்டைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதன்மேல் ஆள், தண்ணீர்த் தொட்டி. சுவர் கனமானாலும் மண் நனைந்தால் வலு இழக்கும், அடித்தளமும் ஆழமாக இருக்காது. மரத்தூணை நம்பித் தளம் போடவே கூடாது. மாடி வேண்டுமென்றால் கொல்லைப்பக்கம் தனி அடித்தளத்தில் தனியாகக் கட்டுங்கள். பழைய சுவரைத் தொடாமல், நடுவில் இடைவெளி விட்டு.

17. ஓட்டுக்குக் கீழ ஃபால்ஸ் சீலிங் போட்டா பூச்சி, தூசி விழாதே?

விழாது. ஒழுகுவதும் தெரியாது. கேள்வி 9-ல் சொன்ன கறை கண்ணில் படாமல் பத்தாண்டு வளரும். எலிக்கு நல்ல வீடு. சூடான காற்று ஓட்டிடுக்கு வழியே வெளியேறுவதும் நின்றுபோகும். அப்படியும் வேண்டுமென்றால் கழற்றிப் பார்க்கக்கூடிய பலகையாகப் போட்டு, முகட்டுப் பக்கம் காற்றுக்கு வழி விடுங்கள்.

18. முன்கட்டு மட்டும் ஓடு இல்லாம மொட்டை மாடியா இருக்கு. அடியில மரக்கட்டை வரிசையா தெரியுது. இதுவும் கான்கிரீட்டா?

இல்லை, மெட்ராஸ் டெரஸ். உத்திரத்தின்மேல் நெருக்கமாக மரக்கட்டைகள், அவற்றின்மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, கோணல் வரிசையில் சுண்ணாம்பால் ஒட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டையான ஓடு (தட்டோடு) பதித்தது. இதன் எதிரி, மாடியில் தேங்கும் நீர். ஒழுகுகிறதென்று மேலே சிமெண்ட் கான்கிரீட்டை ஏற்றிக்கொண்டே போனால் பாரம் கூடிக் கட்டை வளையும். தட்டோட்டை எடுத்து, நீரோட்டச் சரிவைத் திருத்தி, மறுபடி பதிப்பதே சரி.

19. உத்திரம் நடுவுல வளைஞ்சிருக்கு, ஒரு சுவர் வெளிப்பக்கம் சாஞ்ச மாதிரியும் இருக்கு. விழுந்துடுமா?

இரண்டும் வேறு வேறு கோளாறு. உத்திரம் பச்சையாக ஏற்றப்பட்டுப் பாரத்தில் காய்ந்திருந்தால் அந்த வளைவு நிரந்தரமாகத் தங்கிவிடும். 12 அடி உத்திரத்தில் ஒரு அங்குல வளைவு பழைய வீடுகளில் சாதாரணம். அது இன்னும் நடக்கிறதா என்பதே கேள்வி. உத்திரத்தின் இரு முனைக்கும் நூல் கட்டி, நடுவில் இடைவெளியை அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். மழைக்கு முன், மழைக்குப் பின், கோடையில் என ஓராண்டு பாருங்கள். மாறாவிட்டால் விட்டுவிடுங்கள். வளைந்ததை ஜாக்கியால் நிமிர்த்தினால் மூட்டுகள் பிளக்கும். அடிமுகத்தில் குறுக்காக நார் பிரிந்த கீறல் தெரிந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே முட்டுக்கொடுங்கள். நீளவாக்கில் ஓடும் வெடிப்பு மரம் காய்ந்தபோது வந்தது, பயமில்லை.

சாய்ந்த சுவர்தான் கவலைக்குரியது. பரணில் ஏறி, கேள்வி 2-ல் சொன்ன குறுக்குச் சட்டங்களை எண்ணுங்கள். தலை இடிக்கிறது, ஃபேன் மாட்ட இடமில்லை என்று யாரோ ஒன்றிரண்டை அறுத்திருப்பார்கள். கைமரங்களின் கால் விரிந்து சுவரைத் தள்ளுகிறது. கூடவே முகடும் தணியும். அறுத்த முனைகள் இன்னும் கைமரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்தாலே தெரியும். சட்டத்தை மறுபடி போட்டுக் கட்டினால் தள்ளல் நிற்கும். சுவரை நிமிர்த்தும் முயற்சி தனி, கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் தொடாதீர்கள். உயரத்துக்கு ஒப்பச் சாய்வை அறிய தூக்குகுண்டு விட்டு அளந்து வைத்துக்கொண்டு அவரிடம் போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

20. நிலத்தை வித்துட்டோம், வீடு மட்டும் விட மனசில்ல. அப்படியே பிரிச்சு வேற இடத்துல நிறுத்த முடியுமா?

மரக்கட்டுப் பகுதியை மட்டும் முடியும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் தென்மாநில வீடுகள் சில அப்படிப் பிரித்து வந்து எழுப்பியவை. மரம் கழுந்தும் காடியும் முளையுமாகக் கோத்தது என்பதால்தான் இது நடக்கிறது. மண்சுவரும் பூச்சும் வராது, புதிதாகத்தான் எழுப்ப வேண்டும்.

பிரிக்கும் முன் தரைப்படமும் ஒவ்வொரு சட்டகத்தின் அளவும் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொண்ட தகர வில்லை, கூரைக்குள் மறையும் முகத்தில் ஆணியடித்து; பெயின்டில் எழுதினால் ஏற்றி இறக்கும்போது உரசி அழிந்துவிடும். எந்த முகம் முற்றத்தைப் பார்த்தது என்பதையும் குறிக்க வேண்டும். கட்டியது எந்த வரிசையோ அதற்கு நேரெதிர் வரிசையில் பிரிக்க வேண்டும்: ஓடு, ரீப்பர், கைமரம், முகட்டு வளை, உத்திரம், போதிகை, தூண். முளைகளை இறுகிய பக்கத்திலிருந்து அடித்தால் உடையும், சின்ன முனையைக் கண்டு அதிலிருந்து தட்டுங்கள். உடைந்த முளைக்காக உத்திரத்தை அறுக்க விடாதீர்கள், துளையிட்டு எடுக்கலாம்.

இறக்கிய மரத்தை மண்ணில் போடாமல் கட்டைமேல் அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு ரீப்பர் துண்டு கொடுத்து, மேலே மூடி, பக்கங்களைத் திறந்து வையுங்கள். தார்ப்பாயை நாலுபக்கமும் இழுத்துக் கட்டினால் உள்ளே வேர்த்து, ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். புது இடத்தில் முதலில் அடிக்கல்களை மட்டம் பார்த்து வைத்துவிட்டு, தூணின் எண்களை எடுங்கள். பழைய தூண்கள் ஒன்றுபோல் உயரம் இருக்காது. பழைய கல்லின் உயரக் குறைவுக்கு ஏற்ப வெட்டியவை. அதனால் கல்லும் தன் தூணோடு, அதே எண்ணில், கூடவே வர வேண்டும்.